அட்டைக்கு முப்பது

இடிக்குதுங்களா? இருங்க, பெட்டிய எம்பக்கம் இழுத்துக்கறேன். மேல வெக்கச் சொன்னாரு கண்டக்டரு, எனக்கு எட்டலீங்க. தகரப்பெட்டி, முனை கூரா இருக்குது, சீலையில மாட்டிக்கப் போகுது, பாத்துக்கங்க.

ஹாஸ்டல் பெட்டிதானுங்க. ஜூன் மாசம் புதுசா வாங்கினது. பூட்டெல்லாம் இன்னும் பளபளன்னு இருக்குது பாருங்க. இதோ ஜன்னலோரம் உக்காந்திருக்காளே, இவளுதுதான். என்ற புள்ள, தாரணி. பதினொண்ணாவது. நாலு மாசம் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல படிச்சா. இன்னைக்குக் காலையில டிசி வாங்கிக்கிட்டு பெட்டியத் தூக்கிக்கிட்டு வாறமுங்க. பள்ளிக்கூடத்துப் பேரு வேண்டாமுங்க. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

காய்ச்சலெல்லாம் இல்லீங்க அவளுக்கு. அப்படித்தான் இருப்பா. நீங்க அவகிட்ட கேக்காதீங்கக்கா, பேச மாட்டா. என்னையக் கேளுங்க.

நீங்க எங்க, வேலூரா? நாங்க அதுக்கு முன்னால எறங்கிருவோம். எங்கூரு கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரு ரெண்டு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காரு. எந்த குரூப்புன்னு வர்ற வழியிலயே பேசி முடிவு பண்ணிக்கிட்டு வாங்கம்மா, எம்முன்னால நின்னு யோசிக்காதீங்கன்னாரு. சயின்ஸுல எடம் இருக்குதாம், வரலாறுலயும் இருக்குதாம். ஒருதடவ எழுதிட்டா மாத்த முடியாதாம். நான் வரலாறுன்னு முடிவு பண்ணிட்டேன். வரலாறுல மோல் கெடையாதாமுங்க. அதை மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மோல்னா என்னன்னு என்னையக் கேக்காதீங்க. கெமிஸ்ட்ரியில மொதப் பாடமாம். அந்த ஒரு சொல்லுதான் எங்களை இந்தப் பஸ்ஸுல கொண்டாந்து உக்கார வெச்சிருக்குது.

நான் கோழிப்பண்ணையில வேல செய்யறனுங்க. ருக்மணின்னு பேரு. பதினஞ்சு வருசமா ஒரே பண்ணை, ஒரே முட்ட ரூமு. இவளோட அப்பா கேரளாவுக்கு முட்ட லாரி ஓட்டறாரு, வாரத்துக்கு ரெண்டு நாளு ஊட்டுல இருந்தாப் பெருசு. ஷெட்டுல இருந்து வர்ற முட்டையத் தரம் பிரிச்சு அட்டையில அடுக்கறது என்ற வேல. அட்டைக்கு முப்பதுங்க. எளங்கோழி முட்டைன்னா சிறுசா இருக்கும், ஒரு அட்டை ஒண்ணேகால் கிலோ நிக்கும். வயசான கோழி முட்டை பெருசு, அதே அட்டை ஒண்ணேமுக்கால் நிக்கும். எட அது பாட்டுக்கு ஏறும் எறங்கும், அட்டைன்னா அட்டைதான். முப்பதுதான். வேலைக்கு வந்த புதுசுல எனக்கும் இது பிடிபடல. கனமா இருந்தா எண்ணிக்க ஜாஸ்தின்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு நாளு திட்டு வாங்கினேன். பொறகு கையே சொல்லிருச்சு.

அப்பறம் பாருங்க, டேப்பு ஒட்டின பெட்டியப் பிரிக்க முடியாது. எட போட்டுத்தான் உள்ள எத்தனை அட்டை இருக்குதுன்னு பாக்கோணும். பெருமுட்டை முப்பத்தஞ்சு கிலோன்னா இருவது அட்டை. சிறுமுட்டை இருவத்தஞ்சு கிலோன்னா அதுவும் இருவது அட்டைதான். சூப்பர்வைசரு தங்கவேலு செல்போன எடுத்துத் தட்டிப் பாக்கறதுக்குள்ள நான் சொல்லிருவேன். உங்க தலைக்குள்ள மிசினு இருக்குதுங்கம்பாரு. சிரிப்பு வரும் எனக்கு. எட்டாவதுல கணக்குலதானுங்க பெயிலானேன். இது வந்து பண்ணைக் கணக்கு, படிப்புல சேராது.

இவளப் பண்ணைப் பக்கமே விட்டதில்லீங்க. பொறந்ததுல இருந்து ஒருநாளும் விட்டதில்ல. அந்த வாடை மேல ஒட்டுச்சுன்னா மூணு சோப்பு போட்டாலும் போவாது. நான் பஸ்ஸுல ஏறினா பக்கத்துல இருக்கறவங்க மூக்குல முந்தானைய வெச்சுக்குவாங்க. இன்னைக்கு வேலைக்குப் போகல, அதனாலதான் நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. சும்மா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க. என்ற புள்ளைக்கு அந்த வாடை வேண்டாமுன்னு நெனச்சேன். பண்ணைய ஒட்டித்தான் எங்க லைன் ஊடு, ஆனா கேட்டைத் தாண்டி வந்தா காலை ஒடச்சுப்போடுவேன்னு சொல்லித்தான் வளத்தினேன். அம்மா என்ன வேல செய்யறான்னு அவளுக்குத் தெரியும். எப்படிச் செய்யறான்னு தெரியாது.

அப்படி வளத்தியும் இவ என்ன சொன்னா தெரியுங்களா, பத்தாவது முடிச்சுட்டு? மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் படிக்கோணுமாம். எங்க பண்ணைக்கு ஊசி போட ஒரு டாக்டரம்மா வரும். சின்ன வண்டி ஓட்டிக்கிட்டு, ரப்பர் பூட்ஸு போட்டுக்கிட்டு வரும். கேட்டுக்கு வெளிய நின்னு அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா இவ. வருசக்கணக்கா பாத்திருக்கா. எனக்குத் தெரியல. கோழியே வேண்டாமுன்னுதானே கண்ணு உன்னையப் படிக்க வெக்கறேன், திரும்பக் கோழிக்கே வர்றேங்கறயேன்னு கேட்டேன். சிரிச்சா. அப்பல்லாம் நல்லாச் சிரிப்பா.

பத்தாவதுல நானூத்தி எழுவத்தெட்டுங்க. பேப்பருல போட்டோ வந்துச்சு. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்காரங்களே ஊடு தேடி வந்தாங்க, எங்ககிட்ட அனுப்புங்க, பீஸுல பாதிக்கு மேல கொறச்சுக்கறோம், மார்க்கு மட்டும் எறங்கக் கூடாதுன்னாங்க. எங்க லைன்ல கார் வந்து நின்னது அதுதான் மொதத் தடவ. நான் என்ன சொல்லுவேன். சேத்திட்டேன்.

மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழம பாக்கப் போலாமுங்க. ஜூலை மாசம் மொதத் தடவ போறேன். கட்டுச்சோறு, முட்டப் பொரியலு எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். மரத்தடியில வரிசையா அப்பா அம்மாக்களும் புள்ளைகளும் உக்காந்திருக்காங்க. இவ ரெண்டு வாய் தின்னா, டிபனை மூடி வெச்சுட்டு, அம்மா எனக்கு மோல் புரியலன்னா. என்ன சாமி அதுன்னேன். பதினெட்டு கிராம் தண்ணி ஒரு மோலாமா, நாப்பத்துநாலு கிராம் கார்பன் டை ஆக்சைடும் ஒரு மோலாமா, கிராம் வேற வேறயா இருக்கறப்ப ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்னு கேட்டா. பதினெட்டு, நாப்பத்துநாலு. நம்பரு எனக்கு மறக்காதுங்க, பண்ணையிலயே பழகிப்போச்சு.

எனக்கென்ன தெரியும். சாரு ஒண்ணுன்னா ஒண்ணுதான், அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோன்னேன்.

மனப்பாடம் பண்ணிட்டேன்மா, ஆனா உள்ள எதுவும் தெரியலையேன்னா. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு வழக்கமுங்க. ஒரு பாடத்துக்கு ஆறு நாளு. ஏழாவது நாளு பரீட்ச. சந்திரகுமாருன்னு கெமிஸ்ட்ரி சாரு, போர்டுல ஒரு கட்டம் போட்டு மூணு பார்முலா எழுதிருவாராம். எந்தக் கணக்கு வந்தாலும் இந்தக் கட்டத்துல ஒண்ணுல போட்டு வகுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க, இது என்ன அது என்னன்னு கேக்கறதுக்கு நேரமில்லம்பாராம். மத்த புள்ளைங்கெல்லாம் வகுத்துட்டுப் போயிட்டாங்க. இவ மட்டும் அங்கயே நின்னுக்கிட்டா. சின்னதுல இருந்தே அப்படித்தான். ஒண்ணு வெளங்கலைன்னா அதைத் தாண்ட மாட்டா.

எல்லாப் புள்ளைங்களும் தாண்டறாங்க, நீ மட்டும் என்ன பெரிய இவளான்னு கேட்டுட்டு வந்துட்டேன். சோத்த அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழிச்சுப் பள்ளிக்கூடத்துல இருந்து போனு. உங்க பொண்ணு கிளாஸ நடத்த விட மாட்டேங்குது, வாங்கன்னாங்க. பாதி நாளு லீவு போட்டுட்டு ஓடறேன். என்னன்னு பாத்தா, மூணு நாளா ஒரே கேள்விய எந்திரிச்சு எந்திரிச்சுக் கேட்டிருக்கா. மோல்ங்கறது எடையா சார், எண்ணிக்கையா சார்னு. மொத நாளு உக்காருன்னிருக்காரு. ரெண்டாவது நாளு நிக்க வெச்சிருக்காரு. மூணாவது நாளு மத்த புள்ளைங்கெல்லாம் சிரிச்சுப்போட்டாங்களாம். சாருக்குக் கோவம் வந்திருச்சு. வரத்தானுங்களே செய்யும். அறுவது புள்ளைங்கள வெச்சுக்கிட்டு ஆறு நாளையில பாடத்த முடிக்கோணும் அந்த மனுசன்.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வெளிய அனுப்பிட்டா என்ன பண்றது? ஊரே பாத்துச்சு, கார் வந்து கூட்டிக்கிட்டுப் போச்சுன்னு. அதனால நான் ஒண்ணு பண்ணினேன். அன்னைக்கு அது செரின்னுதான் பட்டுச்சு, இன்னைக்கும் செரின்னுதான் படுது. சாரு முன்னாலயே இவ கையப் புடிச்சு எந்தலை மேல வெச்சேன்.

“இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு சந்தேகமும் கேக்க மாட்டேன், அம்மா மேல சத்தியமுன்னு சொல்லு சாமி” அப்படின்னேன்.

சாரு பதறிப்போய், அதெல்லாம் வேண்டாம்மா, கைய எடும்மான்னாரு. நல்ல மனுசந்தானுங்க. நான் விடல. புள்ளையோட கைய அழுத்திப் புடிச்சுக்கிட்டே நின்னேன். கை சில்லுன்னு இருந்துச்சு. அப்பறம் சொன்னா. ஒரு வார்த்த மாறாம அப்படியே சொன்னா.

அதுக்கப்பறம் ஒரு போனும் வரல பள்ளிக்கூடத்துல இருந்து. அப்பாடான்னு இருந்துச்சு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஹாஸ்டல் போன்ல இவ பேசுவா. சாப்டியான்னா ம். படிக்கறயான்னா ம். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னா ம். பொறுப்பு வந்திருச்சு புள்ளைக்குன்னு அவங்கப்பாகிட்டச் சொன்னேன். முன்னயெல்லாம் அஞ்சு நிமிசம் பத்தாது அவளுக்கு, ரூம்ல யாரு என்ன பண்ணினா, மெஸ்ஸுல சாம்பார் எப்படி இருந்துச்சுன்னு எல்லாஞ் சொல்லுவா. பேசினது போதும், படிக்கறதுதான் முக்கியம்னு நானும் விட்டுட்டேன்.

ஆகஸ்டு போச்சு, செப்டம்பரு போச்சு. காலாண்டுப் பரீட்ச முடிஞ்சு வரச் சொன்னாங்க. அக்டோபரு மொத வாரம். இந்தத் தடவ சாரு மட்டும் இல்ல, கரஸ்பாண்டன்டும் இருந்தாரு. பேப்பரை மேசை மேல போட்டாங்க. கெமிஸ்ட்ரி எழுவதுக்குப் பதினொண்ணு. பதினொண்ணுங்கக்கா. பத்தாவதுல சயின்ஸுல தொண்ணூத்தெட்டு வாங்கின புள்ள.

சாரு அந்தப் பேப்பருல ஒரு பக்கத்தத் திருப்பிக் காமிச்சாரு. மோல் கணக்கு வந்திருந்துச்சாம். இவ பதினெட்டுன்னு எழுதி, அதுக்கு நேரா கீழ நாப்பத்துநாலுன்னு எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருக்கா. அவ்வளவுதான். பக்கம் பூரா வெள்ளையா கெடக்குது. எனக்கு மொதல்ல என்ன தோணுச்சுன்னா, கேள்விக்குறி போட்டாக் கேள்வி கேட்ட மாதிரித்தானே ஆகும், சத்தியம் என்ன ஆகறதுன்னுதானுங்க. அந்த வாரம் பூரா எனக்கு மண்டையிடி வேற. அப்பறம் எழுத்துல கேக்கறது அதுல சேராதுன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

அப்பத்தான் சாரு ஒண்ணு சொன்னாரு. செப்டம்பர்ல இவளத் தனியா ஸ்டாப் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காராம். சேர் போட்டு உக்கார வெச்சு, எந்த எடத்துல புரியலன்னு மட்டும் சொல்லும்மா, நான் மொதல்ல இருந்து நடத்தறேன்னு கேட்டாராம். ஒருதடவ இல்லீங்க, நாலு நாளு கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. நான் அன்னைக்கு அவசரத்துல திட்டிட்டேன், மனசுல வெச்சுக்காதேன்னுகூடச் சொல்லியிருக்காரு. இவ தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாளே தவிர வாயத் திறக்கலையாம்.

“இத்தனை திமிர நான் எந்தப் புள்ளைகிட்டயும் பாத்ததில்லம்மா” அப்படின்னாரு.

திமிரில்லீங்க அது. எம்மேல சத்தியம் பண்ணியிருக்குது, எப்படிப் பேசும்? எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுங்களா? ரெண்டு மாசம், சாரே கூப்பிட்டுக் கேட்டும் சொன்ன சொல்லு மாறல. இந்தக் காலத்துல எந்தப் புள்ளைங்க இருக்குது அப்படி? சாருகிட்டச் சொல்லிரலாமுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கரஸ்பாண்டன்டு ஏதோ பேச ஆரம்பிச்சாரு. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன்.

அவரு என்ன சொன்னாருன்னா, இந்தப் பொண்ணுக்கு சயின்ஸு ஒத்து வரல, பப்ளிக் பரீட்சைக்குப் பேரு அனுப்பறதுக்கு முந்தியே வேற எங்கயாச்சும் லேசான குரூப்புல சேத்தினா அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லதுன்னாரு. ஒரு வெள்ளைப் பேப்பரும் குடுத்தாரு. சொந்த விருப்பத்துல டிசி கேக்கறதா எழுதோணுமாம். என்ன எழுதறதுன்னு பக்கத்துல இருந்த கிளார்க்கு சொல்லச் சொல்ல எழுதினேன். எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன். வரலீங்க. ஒண்ணுமே தோணல. எழுதி முடிச்சு, கையெழுத்து நல்லா இருக்குதுங்களான்னு கேட்டேன் பாருங்க கிளார்க்குகிட்ட. எதுக்குக் கேட்டேன்னு இன்னும் தெரியல.

டிசி ரெடியாகப் பத்து நாளு ஆகும்னாங்க. பெட்டிய அங்கயே விட்டுட்டு இவள மட்டும் கூட்டிக்கிட்டு வந்தேன். ஊட்டுல படுத்தா படுத்தபடிக்கே கெடந்தா. செவுத்தப் பாத்துக்கிட்டுத் திரும்பிப் படுத்துக்குவா. வெச்சாத் தின்னுவா, வெக்கலைன்னாக் கேக்க மாட்டா. பள்ளிக்கூடத்துல கேக்காதேன்னுதானே சொன்னேன், ஊட்டுல பேசலாமில்ல சாமின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல.

தனியா விட்டுட்டு வேலைக்குப் போகப் பயமா இருந்துச்சுங்க. வெளிப்படையாச் சொல்றேன், பயந்துட்டேன். கேக்கற நியூஸெல்லாம் அப்படி இருக்குது. அதனாலதான் முந்தாநாளு, அவ பொறந்ததுல இருந்து இல்லாத வழக்கமா, பண்ணைக்கு எங்கூடவே கூட்டிக்கிட்டுப் போனேன். முட்ட ரூமுல ஓரமா ஒரு ஸ்டூல போட்டு உக்கார வெச்சேன். எதையும் தொடாதேன்னேன்.

அன்னைக்கு ரெண்டு லோடு. எட மேடையில ஒரு அடுக்கு பெருமுட்ட, இன்னொண்ணு சிறுமுட்ட. தங்கவேலு எடையப் பாத்து முப்பத்தஞ்சுன்னு சத்தம் போட்டாரு, நான் இருவதுன்னேன். அடுத்தத ஏத்தி இருவத்தஞ்சுன்னாரு, நான் அதுவும் இருவதுதானுங்கன்னேன். எப்பவும் சொல்றதுதான். இவ தலையத் தூக்கினா. அத்தன நாள்ல அன்னைக்குத்தான் தலையத் தூக்கி என்னையப் பாத்தா.

எந்திரிச்சு வந்து பெருமுட்ட அட்டையில ஒண்ண எடுத்து வெச்சு, ஒவ்வொரு முட்டையா வெரலால தொட்டு எண்ணினா. அப்பறம் சிறுமுட்ட அட்டைய எடுத்து அதையும் எண்ணினா. எண்ணிட்டு, ஒரு கையில அது, ஒரு கையில இது, தூக்கிப் பாத்துக்கிட்டே நின்னா. கீழ போட்டுருவாளோன்னு எனக்குப் பதைபதைப்பு. வெய்யி சாமி வெய்யின்னேன். பதனமா வெச்சா. வெச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துக்கிட்டு அழ ஆரம்பிச்சா பாருங்க. ஏங்கி ஏங்கி அழுகறா. கூடவே சிரிக்கற மாதிரியும் இருக்குது மூஞ்சி. தங்கவேலு பயந்துபோயி, என்னங்க பொண்ணுக்குன்னாரு.

வாடைதானுங்க. அமோனியான்னுவாங்களே, கோழி எச்சத்துல இருந்து வருமே, கண்ணெல்லாம் எரியும். முட்ட ரூமு ஷெட்டுல இருந்து தள்ளித்தான் இருக்குது, அங்க அத்தனை வாடை வராது. இருந்தாலும் பழகாத கண்ணில்லீங்களா. தண்ணி எடுத்து மூஞ்சியக் கழுவி உட்டு, வெளிய மோட்டார் ரூமு நெழல்ல கொண்டுபோய் உக்கார வெச்சேன். எங்கையப் புடிச்சுக்கிட்டே இருந்தா. வாயத் திறந்து திறந்து மூடினா. லோடு நிக்குது, நான் போகோணும், அப்பறம் பேசிக்கலாம் சாமின்னு கைய உருவிக்கிட்டு வந்துட்டேன். சாயங்காலம் நான் ஊட்டுக்குப் போறப்ப, அவளே முன்னால வந்து பழையபடி செவுத்தப் பாத்துப் படுத்திருந்தா.

நேத்து ஹெட்மாஸ்டரப் பாக்கப் போயிருந்தப்ப அவரு கேட்டாரு, நானூத்தி எழுவத்தெட்டு வாங்கின புள்ளைய எதுக்கும்மா வரலாறுல போடறீங்க, வரலாறு எடுத்தா அப்பறம் மாட்டு டாக்டருக்கெல்லாம் போக முடியாது, ஒரு வார்த்த பொண்ணுகிட்டக் கேட்டுட்டு வாங்கன்னு. ராத்திரி பூரா எனக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குச்சு. பெத்தவ தானுங்களே. காலையில இருந்தே நெனச்சுக்கிட்டுத்தான் வர்றேன், சயின்ஸுலயே போட்டுப் பாக்கலாமான்னு. இவ மட்டும் ஒரு வார்த்த, முடியும்மான்னு சொன்னாப் போதும், போட்டுருவேன். ஆனா இப்படி இருக்கற புள்ளைய மறுபடியும் அதே மோலுல கொண்டுபோய்த் தள்ளி, மறுபடியும் பதினொண்ணு வாங்கி, மறுபடியும் ஒரு வெள்ளப் பேப்பருல நான் எழுதிக் குடுக்கோணுமா? என்னால முடியாதுங்கக்கா. வரலாறுன்னா ராசா பேரும் வருசமும்தானே. படிச்சாச்சுன்னா ஒப்பிச்சிரலாம். யாரும் நிக்க வெக்க மாட்டாங்க.

அதோ தெரியுது பாருங்க தண்ணி டேங்கு, அதுக்கு அடுத்ததுதான் எங்க ஸ்டாப்பு.

என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு, எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

உங்களுக்குக் கேட்டுச்சுங்களா? சயின்ஸே கேளும்மாங்கறா. பத்து நாளாச் சோறு வேணுமா வேண்டாமான்னுகூடச் சொல்லாதவ.

அதான் புரியலையே கண்ணு உனக்கு. என்னது, புரிஞ்சிருச்சா? என்ன புரிஞ்சிருச்சு? மோலா?

இருங்கக்கா, நானே கேக்கறேன். யாரு சாமி சொல்லிக் குடுத்தாங்க? பத்து நாளா ஊட்டுலதானே கெடந்த. அந்தச் சாரு போன் பண்ணினாரா? இல்லைங்கறா. அப்பறம் யாரு? கூட்டாளிப் புள்ளைங்க யாராச்சுமா? அதுவும் இல்லையாம். பின்ன யாருதான் சொல்லிக் குடுத்தா, சொல்லு.

நான் சொல்லிக் குடுத்தனாமுங்க.

பாத்தீங்களாக்கா. எட்டாவதுல பெயிலானவ நானு. எனக்கு அந்த மோலு கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது. நான் சொல்லிக் குடுத்தேன், எனக்கு நல்லாப் புரிஞ்சிருச்சுங்கறா. கண்ணெல்லாம் தண்ணி வேற. புள்ளைக்கு மனசு இன்னும் செரியாகல. சயின்ஸுல போட்டுப் பாக்கலாமான்னு நெனச்சேன் பாருங்க, நல்லவேள, இப்பவே தெரிஞ்சுபோச்சு.

எந்திரி சாமி, ஸ்டாப்பு வந்திருச்சு. பெட்டிய அந்தப் பக்கம் புடி. ஹெட்மாஸ்டருகிட்ட வரலாறுன்னு நானே சொல்லிக்கறேன், நீ ஒண்ணும் பேச வேண்டாம். வாறமுங்கக்கா.